அடிக்கோடு போடாத வரி

எங்கள் பிரிவின் பெயரைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு உட்காருவார்கள். அணுசக்திப் பிரிவு. வெளியுறவு அமைச்சகத்தின் நான்காவது மாடி, கழிப்பறைக்கு எதிர் அறை. பயப்பட ஒன்றுமில்லை. நான்கு மேசை, இரண்டு மின்விசிறி, அதில் ஓடுவது ஒன்று. எங்கள் நாட்டில் அணு உலை கிடையாது, குண்டு கிடையாது, செய்யும் எண்ணமும் கிடையாது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஆதரவுதான். அணுவை அமைதிக்குப் பயன்படுத்துவதை எங்கள் நாடு மனமார ஆதரித்தது. வருஷத்துக்கு ஒரு தடவை உலக நாடுகள் கூடும் மாநாட்டில் எங்கள் அமைச்சர் எழுந்து அந்த ஆதரவைப் பத்து நிமிஷம் வாசிப்பார். மற்ற நாட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துக் காபி குடிக்கப் போவார்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தொன்பது வருஷமாக எழுதி வந்தவரைத்தான் நாங்கள் பாரா என்று கூப்பிட்டோம். சொந்தப் பெயர் பணிப்பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட, "அது எந்தப் பாராவுல வருது?" என்று கேட்பார். அதனால் வந்த பெயர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா, அதில் எழுதுவது ஒன்று. வேலை செய்யும்போது செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டுவிடுவார், மாலையில் ஒற்றைச் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே பாதி அலுவலகத்துக்கு விடைகொடுப்பார்.

எழுதுவது என்றால் ஏதோ கற்பனை பொங்கி எழுதுவார் என்று நினைக்க வேண்டாம். போன வருஷத்து உரையை எடுத்து, தேதியை மாற்றி, இரண்டொரு வரி சேர்ப்பார். சேர்க்கலாம், எடுக்கக் கூடாது. அது எங்கள் பிரிவின் வேதவாக்கு. எப்போதோ ஒருவர் ஒரு வரியை அநாவசியம் என்று வெட்டிவிட்டாராம். மறுவாரமே ஒரு தூதர் வந்து, 'உங்கள் கொள்கை மாறிவிட்டதா?' என்று கேட்டாராம். அன்று பிடித்த பயம். அதிலிருந்து ஒருமுறை வாசித்த வரி சாகாவரம் பெற்றதாகிவிடும். பதினான்கு பத்தியாக இருந்த உரை முப்பத்தொன்றாக வளர்ந்தது. நேரம் அதே பத்து நிமிஷம்தான், அதனால் அமைச்சர் வருஷத்துக்கு வருஷம் வேகமாக வாசிக்கப் பழகினார்.

நான் அங்கே தட்டச்சர். உரையைத் தட்டச்சு செய்து, பழையதோடு ஒப்பிட்டு, புதிதாக வந்த வரிகளுக்கு மட்டும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போடுவது என் வேலை. மேலிடத்தில் இருக்கிற மூன்று அதிகாரிகளும் கோடு போட்ட வரியை மட்டும் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஆக, முழு உரையையும் படித்தவர்கள் இந்த நாட்டில் இரண்டே பேர்: எழுதிய பாரா, அடித்த நான். அமைச்சரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் வாசித்தார், படித்ததற்குச் சாட்சி இல்லை.

இருபத்திரண்டாம் பத்தியில் ஒரு வரி இருந்தது. அந்த மாநாட்டைக் கூட்டும் பன்னாட்டு அணுசக்தி முகமை எங்கள் அரசு மருத்துவமனைக்கு அன்பளிப்பாகத் தந்த கோபால்ட் மெஷின், புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு தருகிற, ஊர்ப்பேச்சில் 'கரண்ட் வைக்கிற' மெஷின், விரைவில் செயல்படத் தொடங்கும் என்று. அந்த விரைவுக்கு நான்கு வயது ஆகியிருந்தது. மெஷின் வந்துவிட்டது. கெட்டியான சுவர் வைத்துக் கட்டடமும் வந்துவிட்டது. வெளிநாட்டில் போய்ப் படித்து வந்த இயற்பியலாளர் ஒருவர் திங்கட்கிழமை தோறும் பூட்டைத் திறந்து, சரிபார்த்து, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். இல்லாதது திறப்பு விழா மட்டும்தான். மருத்துவமனை எங்களுடையது என்றது சுகாதார அமைச்சகம். அணு எங்களுடையது என்றது எரிசக்தி அமைச்சகம். வாங்கித் தந்தது யாராம் என்றது எங்கள் அமைச்சகம். மூன்று பேரும் ஆளுக்கொரு கல்வெட்டு செதுக்கி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கல்லை வைப்பது என்ற வழக்கு கோப்பில் ஓடிக்கொண்டிருக்க, மூன்று கல்லும் மருத்துவமனைப் பின்கட்டு வராந்தாவில் படுத்துக் கிடந்தன. நோயாளிகளோடு வந்தவர்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மூன்று கல்லுக்கும் அதைவிட உருப்படியான உபயோகம் பிறகும் வரவில்லை.

பாராவுக்கு இதெல்லாம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் 'விரைவில்' என்ற சொல்லுக்கு மேலே பேனாவை ஒரு நொடி நிறுத்துவார், அப்புறம் நகர்ந்துவிடுவார். எடுக்கக் கூடாதே. நானும் அடித்துக்கொண்டே போவேன். பழைய வரிதானே, கோடுகூட வேண்டாம்.

பாராவின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விடுகிற எழுபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஊருக்கே விசிலக்கா. ஆனால் விசில் ஒரு ஒப்புக்குத்தான், அந்தத் தொண்டைக்கு அது தேவையில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள என்ன பாம்பா இருக்கு?" என்று பின்படியிலிருந்து அவர் சொன்னால் டிரைவரும் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்து உட்காருவார். அம்மா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் பாராவைத் தூக்கி வளர்த்ததும் அந்தக் குரல்தான். ஒருநாள் நெரிசலில் என் இடுப்பில் கை வைத்த ஒருவனை, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "ஏய் கட்டம் போட்ட சட்டை, கைய எடுத்துட்டு எறங்கு" என்றார். பஸ் நிற்கும் முன்பே அவன் குதித்துவிட்டான். அன்றைக்கு நான் அழுதேன். அவர், "அழாம சில்லறைய எண்ணு, மீதி குடுத்திருக்கேன்" என்றார்.

அந்தத் தொண்டை கரகரக்க ஆரம்பித்தது. தூசி என்றார். வெந்நீர் குடித்தார். நான்கு மாதம் கழித்துத் தம்பி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, மருத்துவர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி என்றார். புற்றுதான், ஆனால் ஆரம்பம்.

"கரண்ட் வச்சா போயிடும், குரலும் தங்கும்" என்றார் மருத்துவர். "அது இல்லேன்னா இங்க எனக்கு வேற வழி இல்லம்மா. குரல்வளைய முழுசா எடுக்கணும். கழுத்துல ஒரு ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விடுவீங்க. பேச வராது."

"கரண்ட் எங்க வைப்பாங்க?" என்று அக்கா கேட்டார்.

"இங்கதான். பின்கட்டுல. பூட்டியிருக்கு."

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அறுவைச் சிகிச்சை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அக்கா நேராகப் பின்கட்டுக்குப் போய், அன்று திங்கட்கிழமையாக இருந்ததால், இயற்பியலாளரைப் பிடித்துவிட்டார். பூட்டித்தானே வைத்திருக்கிறீர்கள், கெட்டா போகும் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். "கோபால்ட் சும்மா இருந்தாலும் தேயும்மா. அஞ்சு வருஷத்துல பாதியாயிடும். தெறந்தாலும் தெறக்கலேன்னாலும் அது பாட்டுக்குத் தேயும்." அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. காலி பஸ்ஸை டீசல் போட்டு நான்கு வருஷம் டிப்போவிலேயே உறுமவிட்டது போல என்று பஸ் முழுக்கச் சொன்னார், இருந்த அரைக்குரலில்.

பாரா நல்ல பிள்ளையாக முதலில் நேர்வழியில்தான் போனார். மூன்று அமைச்சகத்துக்கும் மனு எழுதினார். 'கோப்பு பரிசீலனையில் உள்ளது' என்று மூன்று பதில் வந்தது, அதில் இரண்டு ஒரே எழுத்துப்பிழையோடு. எங்கள் இயக்குநரிடம் போய் நின்றார். இயக்குநர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"ஏன் சார் அவசரப்படுறீங்க?" என்றார். "நாமதான் வருஷா வருஷம் சொல்றோமே, விரைவில்னு."

பாரா வெளியே வந்து, செருப்பை மாட்டாமலே தண்ணீர்ப் பானை வரை போய், குடிக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் அந்த வருஷத்து உரையை என் மேசையில் வைத்தார். நான் அடித்துக்கொண்டே போனேன். இருபத்திரண்டாம் பத்தியில் 'விரைவில்' வரி அப்படியே இருந்தது. அதன் வாலில் இன்னொன்று ஒட்டியிருந்தது: 'வரும் மாதம் முதல் தேதியன்று இந்த இயந்திரம் தன் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும். அந்நிகழ்வைக் காணப் பன்னாட்டு முகமையின் அதிகாரிகளை எங்கள் நாடு அன்புடன் அழைக்கிறது.'

கையை எடுத்துவிட்டேன்.

"சார், இது புதுசு."

"ஆமா மேடம்."

"யார் சேர்க்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"கோடு போட்டா டைரக்டர் படிப்பாரு. படிச்சா இது இருக்காது."

"ஆமா."

கோடு போடாதீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், சுலபமாகப் போட்டிருப்பேன். ஓய்வு பெற எனக்கு மூன்று வருஷம் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். பென்சிலைச் சீவினேன். தேவையில்லாமல் இன்னொரு முறை சீவினேன். தேதிக்குக் கோடு போட்டேன். அமைச்சருக்குப் புதிதாக வந்த பட்டத்துக்குப் போட்டேன். வெள்ள நிவாரணத்துக்கு நன்றி சொன்ன வரிக்கு இரண்டு கோடாகவே போட்டேன். இருபத்திரண்டாம் பத்தியைத் தாண்டும்போது அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரன் பஸ்ஸிலிருந்து குதித்தது ஞாபகம் வந்தது. பென்சிலை டிராயரில் போட்டுவிட்டேன்.

மூன்று கையெழுத்தும் ஒரே மதியத்தில் விழுந்தன.

மாநாட்டை அலுவலகக் கணினியில் நேரலையாகப் பார்த்தோம். அமைச்சர் வழக்கம்போலக் குதிரை வேகத்தில் போனார். இருபத்திரண்டில் எதிலும் தடுக்காமல் தாண்டினார். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. ஆனால் மேடையில் இருந்த முகமைத் தலைவர் காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். உரை முடிந்ததும் எழுந்து கைதட்டினார். ஒருவர் தட்டினால் போதுமே, காபியோடு திரும்பி வந்தவர்களும் தட்டினார்கள். தலைவர் இறங்கி வந்து எங்கள் அமைச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கி, முதல் தேதி தானே நேரில் வருவதாகச் சொன்னார். அமைச்சர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எதற்கு வருகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதன் பிறகு நான்காவது மாடியில் எல்லாத் தொலைபேசியும் ஒன்றாக அடித்தன. செயலர் அறைக்கு எங்களை அழைத்தார்கள். மேசை மேல் உரை விரிந்து கிடந்தது.

"தவறுதலா வந்த வரின்னு ஒரு மறுப்பு விட்டுடலாமா?" என்று செயலர் கேட்டார்.

இயக்குநர் அவசரமாகக் குறுக்கிட்டார். "சார், சொன்ன வரிய எடுத்தா கொள்கை மாறிடுச்சுன்னு நெனப்பாங்க."

பத்தொன்பது வருஷத்தில் இயக்குநர் வாயிலிருந்து நாட்டுக்கு உபகாரமாக வந்த வாசகம் அது ஒன்றுதான். அதற்குள் அமைச்சரே வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார். மூன்று நாட்டுக்காரர்கள் பாராட்டியிருந்தார்கள். அவருக்கே அது தன் யோசனை என்று பட ஆரம்பித்திருந்தது. "நான் சொன்னது சொன்னதுதான்" என்று கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. செயலர் தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இது எப்படிக் கோடு இல்லாம வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாரா முந்திக்கொண்டார். "அவங்க கோடு போட்டிருந்தாங்க சார். நான்தான் ரப்பர் வச்சு அழிச்சேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். பெருமையாகச் சொல்லவில்லை. அவருக்கு விசாரணை முடியும்வரை பணி இடைநீக்கம். எனக்கு ஒரு குறிப்பாணை: இனி அழியாத மையில் கோடு போடவும்.

முதல் தேதி மெஷின் திறந்தது. மூன்று கல்லையும் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுவரில் பதித்துவிட்டார்கள். தன் கல் அடியில் போன அமைச்சர் தன் பெயரைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்ததில் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று ரிப்பன், மூன்று கத்தரிக்கோல். காத்திருந்தவர்கள் பட்டியலில் நூற்று நாற்பது பேர். யார் பொறுக்க முடியாதவர்களோ அவர்கள் முதலில் என்று இயற்பியலாளரும் மருத்துவரும் வரிசை போட்டார்கள். அக்காவின் முறை ஒன்பதாம் தேதி வந்தது. கத்திக்கு மூன்று நாள் இருந்தது. அறுவைச் சீட்டை மருத்துவரே வாங்கிக் கிழித்துப் போட்டார்.

வாரத்துக்கு ஐந்து நாள், ஆறரை வாரம். பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள். விசிலக்கா மௌனம் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. பழைய டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டுவார், கூடவே போய் உட்கார்ந்திருந்த பாரா அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். "'நர்ஸம்மா, ஃபேன் உங்களுக்கு மட்டும் ஓடுது.' 'பெரியவரே, காலைக் கொஞ்சம் மடக்குங்க.' 'என் தம்பி ஒரு மடையன், குடையை டீக்கடையிலயே விட்டுட்டான்.'" கடைசியையும் எழுத்துக் குறையாமல் படிப்பார். வராந்தாவே சிரிக்கும். அத்தனை வருஷமும் அவர் எழுதியதை இன்னொருவர் வாசித்தார், இப்போது வாசிக்கிற வேலை இவருக்கு. இதைத் திருத்தமாகச் செய்தார்.

ஒரு விடுமுறை நாள் நானும் போயிருந்தேன். கல்லெல்லாம் சுவரேறிவிட்டதால் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பெண், தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தவள். பேச்சுவாக்கில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரருக்கும் இதேதான். தொண்டையில. போன வருஷம் நியூஸ்ல மந்திரி பேசுறதக் காட்டுனாங்க, இங்க மெஷின் சீக்கிரம் தெறக்கப் போறாங்கன்னு. அதான் வெளியூருக்கு அலைய வேணாம்னு காத்துக்கிட்டிருந்தோம். அவரு இருக்கறப்ப தெறக்கல."

அக்கா தம்பியைப் பார்த்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அவர் டிக்கெட் கட்டை எடுத்து, ஒன்று பத்தாமல் மூன்று டிக்கெட்டில் எழுதி நீட்டினார். நான் பாராவின் தோளுக்குப் பின்னால் இருந்தேன், எனக்கும் தெரிந்தது. அவர் நினைத்திருந்தால் மாற்றிப் படித்திருக்கலாம். அக்காவால் மறுக்க முடியாது. பத்தொன்பது வருஷம் வார்த்தையை வழவழப்பாக்கியே பழகிய ஆள்.

அவர் அப்படியே படித்தார்.

"'அந்தச் சீக்கிரத்த எழுதுனது இதோ இருக்கற என் தம்பிதான். நாலு வருஷம் எழுதினான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. எனக்கு வந்தப்புறம்தான் இவனுக்குத் தேதி போடத் தெரிஞ்சுது.'"

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேதி போடறது அவ்ளோ கஷ்டமான வேலையா?" என்று கேட்டாள். திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் பாரா. "ஒரு வரிதான்."

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, எனக்கும்தான். நான்கு வருஷமும் அந்த வரியை அடித்த விரல் என்னுடையது, அதை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை, நானாகச் சொல்லவுமில்லை. நர்ஸ் வந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டாள். அக்கா எழுந்து, போகிற போக்கில் அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்தார். தம்பி பக்கம் திரும்பவில்லை.

சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்துக் கட்டி இல்லை என்றார்கள். இன்னும் ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பாராவை விசாரணை முடிந்து பழைய வரைபடங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே எழுத ஒன்றும் இல்லை. அக்கா தம்பியோடு ஒரு மாதம் பேசவில்லை. மருத்துவர் சொன்னதால்தான் என்று வீட்டில் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை எழுபத்திரண்டில் ஏறினேன். கூட்டம் பிதுங்கியது. முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாரா நின்றிருந்தார், மூன்று பேனாவோடு. பின்படியில் ஒரு இளைஞன் தொங்கிக்கொண்டிருந்தான். அக்கா வாயைத் திறந்தார். பழைய குரல் இல்லை. பாதி உயரத்தில், உமிக்கு நடுவே கல்லை அரைத்தது போல ஒரு சத்தம். வந்த சத்தம் பஸ்ஸின் கடைசி வரிசை வரை போனது.

"உள்ள வா. தம்பி, ஒன்னத்தான். அந்த முன்னாடி நிக்கிற பேனாக்காரரே, நீங்களும்தான், வழிய விட்டு நில்லுங்க."

பாரா வழியை விட்டு நகர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுத்ததில் பக்கத்து ஆள் மேல் சாய்ந்து அதற்கும் ஒரு திட்டு வாங்கினார். நானும் அழுதுகொண்டிருந்ததில் டிக்கெட் எடுக்க மறந்துவிட்டேன். என் நிறுத்தம் வருவதற்குள் எனக்கும் விழுந்தது.